கேட்டா செய்தது சரியா? ஒரு விண்கப்பல் தேர்தலும் ஓயாத ரசிகர் வழக்கும்

வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கப்பலிலிருந்து வந்த சீட்டுகளில் ஏதோ இடிக்கிறதே என்று ஓர் இளம் அதிகாரிக்குச் சந்தேகம். தோண்டிப் பார்த்தால் ஓட்டுப் பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது பதவியில் இருக்கும் அதிபரின் ஆட்கள். அந்த அதிபரோ நல்லவர், பார்வையாளர்கள் இரண்டு ஆண்டுகளாக நேசித்தவர். எதிர்த்து நிற்பவர் சுயநலவாதி, பொய்யர், மனித இனத்தின் அழிவுக்கே தெரியாமல் கதவு திறந்துவிட்டவர். அதிகாரி பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மேலிடத்தில் சொல்லிவிடுகிறார். மோசடி நிற்கிறது. பொய்யர் ஜெயிக்கிறார். அவர் பேச்சை நம்பி ஒரு புதிய கிரகத்தில் குடியேறிய மக்கள் ஓராண்டு கழித்து எதிரியிடம் மொத்தமாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

2006 மார்ச்சில் ஒளிபரப்பான இந்தக் காட்சி பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் இரண்டாம் பருவத்தின் முடிவில் வருகிறது. அதிகாரியின் பெயர் ஃபீலிக்ஸ் கேட்டா. (தமிழில் 'கேட்டா' என்றால் வேறு பொருள் வருகிறது, இவரோ யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னவர்.) அவர் செய்தது சரியா, தப்பா? இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி எப்படியாவது வந்து உட்கார்ந்துவிடும். அதே தொடர் முன்வைத்த இன்னொரு பெரிய கேள்வி, 'மனித உருவில் ஒளிந்திருக்கும் கடைசி ஐந்து பேர் யார்?' என்பது. 2007-லும் 2008-லும் ரசிகர்கள் சோறு தண்ணீர் மறந்து பேசிய கேள்வி அது. இன்றைக்கு யாரும் சீண்டுவதில்லை. ஒன்று ஏன் வாழ்கிறது, மற்றது ஏன் செத்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

முதலில் பின்னணி. 1978-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் கிளென் லார்சன் இதே பெயரில் ஒரு தொடரை உருவாக்கினார். பன்னிரண்டு கோள்களில் வாழும் மனிதர்களை சைலான் என்ற எந்திரப் படை தாக்கி அழிக்கிறது. தப்பிய சில கப்பல்கள், கலாக்டிகா என்ற ஒரே போர்க்கப்பலின் காவலில், பூமி என்று கேள்விப்பட்ட ஓர் இடத்தைத் தேடிப் போகின்றன. ஒரே பருவத்தில் அந்தத் தொடர் நின்றுபோனது. 2003 டிசம்பரில் ரொனால்ட் மூரும் டேவிட் ஐக்கும் அதை ஒரு குறுந்தொடராக மறுபடி எடுத்தார்கள். 2004 அக்டோபரில் முதலில் பிரிட்டனிலும், 2005 ஜனவரியில் அமெரிக்காவிலும் முழுத்தொடராகத் தொடங்கி 2009 மார்ச் 20 அன்று முடிந்தது.

புதிய பதிப்பு வருவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. பழைய தொடரின் செல்லப்பிள்ளை ஸ்டார்பக் என்ற போர்விமானி: சுருட்டு, சூதாட்டம், பெண்கள் என்று திரியும் ஆண். மூர் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கி கேட்டி சாக்ஹாஃபிடம் கொடுத்தார். பழைய ஸ்டார்பக்காக நடித்த டிர்க் பெனடிக்ட் இதைக் கண்டித்து ஒரு கட்டுரையே எழுதினார். பழைய தொடரில் அப்பல்லோ என்ற இன்னொரு விமானியாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் கதை இன்னும் சுவாரசியம். அவர் பழைய கதையையே தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, சொந்த முயற்சியில் ஒரு முன்னோட்டப் படம்கூட எடுத்தவர். புதிய பதிப்பை முதலில் எதிர்த்தார். அப்புறம் அதிலேயே டாம் ஸாரெக் என்ற கலகக்காரராக வந்து நடித்தார். ஆட்சியில் இருப்பவர்களின் நியாயத்தை ஓயாமல் கேள்வி கேட்கும் பாத்திரம். பழைய ரசிகர்களின் முணுமுணுப்பை உள்ளே கூப்பிட்டு அதற்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

மூர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் ஸ்டார் ட்ரெக் தொடர்களுக்கு எழுதியவர். கடைசியாக வாயேஜர் என்ற தொடரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியேறினார். அவருடைய குறை எளிமையானது: வீட்டுக்குத் திரும்ப எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும் தூரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட கப்பல் அது, ஆனால் ஒவ்வொரு வாரமும் அடிபடுகிறது, அடுத்த வாரம் புத்தம் புதிதாக மின்னுகிறது. மனிதர்களும் அப்படித்தான், நடந்தது எதுவும் ஒட்டுவதில்லை. கலாக்டிகாவில் அவர் இதைத் தலைகீழாக்கினார். உடைந்த கப்பல் உடைந்தபடியே ஓடும். செத்தவர்களின் கணக்கு குறைந்துகொண்டே வரும். தொடக்க எழுத்துகளிலேயே உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை வாரா வாரம் காட்டப்படும். ஏறத்தாழ 50,000-ல் தொடங்கி, முடிவில் நாற்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ரசிகர் விவாதத்துக்கு விதை போட்டது இந்த ஒரு முடிவுதான். ஒரு பாத்திரம் செய்த காரியம் அடுத்த வாரம் அழிந்துபோகும் என்றால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அழியாது, முப்பது வாரம் கழித்து வட்டியோடு திரும்பி வரும் என்று தெரிந்தால்தான் 'இவன் அன்றைக்கு அப்படிச் செய்திருக்கக் கூடாது' என்று வாய் திறக்கத் தோன்றும். முழுத்தொடரின் முதல் அத்தியாயமே இதைக் காட்டிவிடுகிறது. 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாட்களாக யாருக்கும் தூக்கம் இல்லை. 1,345 பேர் இருக்கும் ஒரு பயணிகள் கப்பலை எதிரி பின்தொடர்கிறான் என்ற சந்தேகம் வருகிறது. அந்தக் கப்பலைச் சுட்டு வீழ்த்த உத்தரவு. சுடுகிறார்கள். உள்ளே ஆள் இருந்தார்களா இல்லையா என்று தொடர் தெளிவாகச் சொல்லவே இல்லை. அந்த அத்தியாயத்துக்கு 2005-ல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது.

சரி, கேட்டாவுக்குத் திரும்புவோம்.

தேர்தலில் நின்றவர்கள் லாரா ராஸ்லினும் கயஸ் பால்டாரும். ராஸ்லின் பள்ளி ஆசிரியையாக இருந்து கல்வி அமைச்சரானவர். மேலே இருந்த நாற்பத்திரண்டு பேரும் இறந்துபோனதால் அதிபரானவர். பால்டார் மேதாவி விஞ்ஞானி. பாதுகாப்பு அமைப்பின் ரகசியங்களை ஒரு பெண்ணிடம் விட்டுக்கொடுத்தவர், அவள் சைலான் என்று தெரியாமல். அதை மறைத்துக்கொண்டே கப்பலில் வாழ்கிறார். தேர்தல் நேரத்தில் நியூ காப்ரிகா என்று ஒரு கிரகம் அகப்படுகிறது. குளிரும் சேறும் உள்ள இடம்தான், ஆனால் காலை ஊன்ற மண் இருக்கிறது. பால்டார் 'இறங்கிவிடலாம்' என்கிறார். ராஸ்லின் 'வேண்டாம், பூமியைத் தேடிப் போவோம்' என்கிறார். தகரப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்த ஜனங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்?

மோசடி அம்பலமானதும் கலாக்டிகாவின் தளபதி அடாமா ராஸ்லினிடம் போய்ப் பேசுகிறார். பால்டார் ஜெயித்தால் நாசம் என்று ராஸ்லினுக்குத் தெரியும், அடாமாவுக்கும் தெரியும். ஆனாலும் ஓட்டைத் திருடிவிட்டு வாழ ராஸ்லினால் முடியாது என்று அடாமா சொல்கிறார், ராஸ்லினும் விட்டுக்கொடுக்கிறார்.

ஒரு பக்கத்து ரசிகர்கள் சொல்வது: விளைவைப் பார். குடியேற்றம், ஆக்கிரமிப்பு, தூக்கு, சித்திரவதை, ஆயிரக்கணக்கில் சாவு. ஒரு பெட்டியை மாற்றியிருந்தால் எல்லாவற்றையும் தவிர்த்திருக்கலாம். இனமே அழியும் விளிம்பில் நிற்கும்போது ஓட்டுக்கு இவ்வளவு மரியாதையா? மறுபக்கம் சொல்வது: அந்த நேரத்தில் கேட்டாவுக்கு என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும். சைலான்கள் அந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்ததற்குக் காரணம் தேர்தல் முடிவு மட்டும் இல்லை. பால்டார் முன்பே ஓர் அணுகுண்டை ஒரு சைலான் பெண்ணிடம் கொடுத்திருந்தார். அது வெடித்த கதிர்வீச்சு ஓராண்டு கழித்து எதிரியின் கண்ணில் பட்டது. அதுவும் போக, ஓட்டைத் திருடிய அதிபர் அடுத்து எதைத் திருடுவார்? மக்கள்தொகை குறைகிறது என்று கருக்கலைப்பைத் தடை செய்தவர் அவர். தனக்கே உடன்பாடில்லாத சட்டம் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டவர்.

பட்டிமன்றமாக இருந்தால் நடுவர் கடைசியில் எழுந்து ஏதாவது ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இங்கே நடுவர் கிடையாது. எழுத்தாளர்கள் தீர்ப்பை எழுதவில்லை. அதற்குப் பதிலாக கேட்டாவின் தலையில் அடுத்தடுத்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

நியூ காப்ரிகாவில் கேட்டா அதிபர் பால்டாரின் தலைமை உதவியாளர். சைலான்கள் வந்து இறங்கிய பிறகும் அதே நாற்காலியில் இருக்கிறார். ஆகவே ஊர்க் கண்ணில் துரோகி. ரகசியமாக அவர்தான் எதிர்ப்புப் படைக்குத் தகவல் கடத்துகிறார். ஒரு நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதுதான் அடையாளம். யார் அனுப்புகிறார் என்று வாங்குபவர்களுக்கே தெரியாது. மீட்கப்பட்டு எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியதும் ஒரு ரகசிய நீதிக்குழு உருவாகிறது. ஆறு பேர். எதிரியோடு ஒத்துழைத்தவர்களைப் பிடித்து, விசாரித்த மாதிரி செய்து, காற்றில்லாத வெளியில் தள்ளுகிறார்கள். கேட்டாவையும் மண்டியிட வைக்கிறார்கள். கெஞ்ச மறுக்கிறார். கடைசி நொடியில் நாய்க் கிண்ணத்தைப் பற்றி ஒரு பேச்சு வர, டிரோல் என்ற பொறியாளருக்கு உண்மை புரிந்து உயிர் தப்புகிறார்.

இந்தப் பகுதி 2006 அக்டோபரில் வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த நேரம். தொடரிலோ, ஆக்கிரமிக்கப்பட்ட பக்கம் நிற்பவர்கள் நம் நாயகர்கள். அடாமாவின் துணைத்தளபதி கர்னல் டை தற்கொலைத் தாக்குதலுக்கு ஆள் அனுப்புகிறார். எதிரிக்காக வேலை செய்யும் உள்ளூர்ப் போலீஸின் பட்டமளிப்பில் ஒருவன் தன்னையே வெடித்துச் சிதறுகிறான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த ஆண்டு வேறு யாரும் இதைச் செய்யத் துணியவில்லை என்றே நினைக்கிறேன். ரசிகர்கள் டையைப் பற்றிப் பேசினாலும் அது டையோடு நிற்காது; மாலைச் செய்திக்குப் போய்விடும். 2009 மார்ச்சில் மூர், ஐக், அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், ராஸ்லினாக நடித்த மேரி மெக்டோனல் நால்வரையும் ஐக்கிய நாடுகள் அவையின் நியூயார்க் தலைமையகத்துக்கே கூப்பிட்டு மனித உரிமை பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தினார்கள்.

இப்போது புதிருக்கு வருகிறேன்.

சைலான்களில் மனித உருவில் பன்னிரண்டு வகை உண்டு என்று குறுந்தொடரிலேயே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஒரு வரி வரும்: அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது. மூன்றாம் பருவத்துக்குள் ஏழு வகைகள் தெரிந்துவிட்டன, மிச்சம் ஐந்து. 2007 மார்ச்சில் மூன்றாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் நான்கு பேர் காதில் ஒரே பாட்டு கேட்கத் தொடங்குகிறது. பாப் டிலன் எழுதிய பழைய பாட்டு, வேறு இசைக்கோலத்தில். பாட்டைத் தேடிக்கொண்டு நால்வரும் ஓர் அறைக்கு வந்து சேர்கிறார்கள்: கர்னல் டை, பொறியாளர் டிரோல், போராளி ஆண்டர்ஸ், அதிபரின் உதவியாளர் டோரி. நால்வரும் சைலான்கள். அவர்களுக்கே அப்போதுதான் தெரிகிறது.

அன்றிலிருந்து ஐந்தாவது ஆள் யார் என்று வேட்டை. பழைய அத்தியாயங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு விளம்பரப் படத்தில் பாத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தையும் ஆராய்ந்தார்கள். அத்தனை பேரும் நம்பிய ஒன்று, விடை முன்னாலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பது.

எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. மூர் இதை ஒளிக்கவும் இல்லை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வீட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவாக உரை சொல்லி வெளியிடுவார். பின்னால் பனிக்கட்டி கிளாஸில் உருளும் சத்தம்கூடக் கேட்கும். மூன்றாம் பருவத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த ஐவர் என்ற யோசனையே வந்தது, நான்கு பேரையும் பருவ முடிவுக்காகத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். டையாக நடித்த மைக்கேல் ஹோகனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தான் கட்டி எழுப்பிய குடிகார மனிதனை எந்திரமாக்கிவிட்டார்களே என்ற வருத்தம்.

போகப் போக ஓட்டைகள் தெரிந்தன. டிரோலுக்கும் அவர் மனைவி கேல்லிக்கும் ஒரு குழந்தை உண்டு. டிரோல் சைலான் என்றால் அந்தக் குழந்தை மனிதருக்கும் சைலானுக்கும் பிறந்தது. ஆனால் அப்படிப் பிறந்த ஒரே குழந்தை ஹேரா என்றும், எதிர்காலமே அவளிடம்தான் என்றும் தொடர் இரண்டு பருவமாகச் சொல்லி வந்தது. இப்போது இரண்டு குழந்தைகள்! என்ன செய்தார்கள்? நான்காம் பருவத்தில் ஒருநாள் மருத்துவர் வந்து, அது உன் குழந்தை இல்லையப்பா, வேறொரு விமானியுடையது என்று டிரோலிடம் சொல்லிவிட்டார். கேல்லியிடம் கேட்க வழியில்லை. அவளை ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். செத்த பெண்ணின் நடத்தையில் கறை பூசிக் கதையின் கிழிசலைத் தைத்த இந்த வேலையைப் பல ரசிகர்கள் மன்னிக்கவில்லை. நானும்தான்.

இன்னொரு கணக்குப் பிழை இதைவிட வேடிக்கை. தெரிந்த ஏழு வகைகளின் எண்கள் ஒன்று முதல் ஆறு, பிறகு எட்டு. கடைசி ஐவருக்கு எண்ணே கிடையாது. அப்படியானால் ஏழு எங்கே? ஷாரன் என்ற பாத்திரத்துக்கு எட்டு என்று எப்போதோ எண் கொடுத்தாகிவிட்டது. ஐவர் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே 2009-ல் ஏழாவதாக டேனியல் என்று ஒருவனைப் புதிதாகச் சொன்னார்கள்: கலை உள்ளம் கொண்டவன், பொறாமையால் கேவில் என்ற மூத்தவன் அவன் வகையையே அழித்துவிட்டான். ஓட்டையை அடைக்க ஒரு வாய் மண். ஆனால் ரசிகர்கள் அந்த மண்ணில் பெரிய மரமே வளர்த்துவிட்டார்கள். ஸ்டார்பக்கின் அப்பா பியானோ கலைஞர், வீட்டை விட்டுப் போனவர். சில வாரத்திலேயே அவர் நினைவைச் சுற்றி ஒரு முழு அத்தியாயம் வேறு வந்தது. அப்புறம் என்ன, டேனியல்தான் அப்பா! எல்லாம் பொருந்துகிறது! ஸ்டார்பக் செத்துத் திரும்பி வந்த மர்மம்கூடத் தீர்ந்துவிடும்.

இல்லை என்று மூர் சொல்ல வேண்டியதாயிற்று. டேனியல் பெரிய மர்மமே இல்லை, அந்தத் தொடர்பை நாங்கள் நினைக்கவே இல்லை என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் ரசிகர்கள் போட்ட முடிச்சு, எழுதியவர்கள் போட்டதைவிட இறுக்கமாக இருந்தது என்பதைத் தாங்கிக்கொள்ளப் பலருக்கு நாளானது. ஐந்தாவது சைலான், டையின் மனைவி எல்லன். 2009 ஜனவரியில் விடை வந்தது. வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. விடுகதைக்கு விடை தெரிந்த பிறகு அதை யார் மறுபடி போடுவார்கள்?

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், திட்டம் இல்லாமல் எழுதியது தொடரைக் கெடுத்தது என்று தோன்றும். பலரும் சொல்வது அதுதான். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. காரணம், அந்த ரகசிய நீதிக்குழு.

அந்த ஆறு பேர் யார்? டை, டிரோல், ஆண்டர்ஸ், இன்னும் மூவர். முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள். சைலான்களோடு ஒத்துழைத்தாய் என்று மனிதர்களைக் கொன்ற குழுவில் பாதி சைலான்கள்! கேட்டாவின் முறை வருவதற்குள் ஆண்டர்ஸ் மனசு கேட்காமல் விலகிவிடுகிறான், அவன் இடத்தில் ஸ்டார்பக் வந்து நிற்கிறாள். ஆனால் டையும் டிரோலும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் காட்சியை எழுதியபோது இது எழுத்தாளர்களுக்கே தெரியாது. நடித்தவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் டையின் வெறுப்பில் துளிகூட நடிப்பு வாடை இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் யாராவது ஒரு கண்சிமிட்டல், ஓர் இரட்டை அர்த்த வசனம் என்று வைத்துக் கெடுத்திருப்பார்கள். குழந்தைக் கணக்கில் சறுக்கிய அதே கை, இங்கே யாரும் திட்டமிட்டு எட்ட முடியாத ஒன்றை எட்டிவிட்டது.

பிறகு கேட்டாவுக்கு நடப்பதெல்லாம் இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. எதிரியோடு ஒத்துழைத்ததாக பால்டார் மேல் நடந்த வழக்கில் கேட்டா பொய்ச் சாட்சி சொல்கிறார். ஓட்டுப் பெட்டியில் பொய்யைப் பொறுக்காத அதே ஆள்! பால்டாரின் நெற்றியில் துப்பாக்கி வைத்து மரண உத்தரவில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், அவர் தயங்காமல் போட்டார் என்கிறார். ஆனாலும் மூன்றுக்கு இரண்டு என்று பால்டார் விடுதலையாகிறார். அப்புறம் ஒரு பயணத்தில் ஏற்பட்ட தகராறில் ஆண்டர்ஸ் கேட்டாவின் காலில் சுடுகிறான், கால் போகிறது. படுக்கையில் கிடந்தபடி அவர் பாடும் பாட்டு தொடரின் மிகத் துயரமான இடங்களில் ஒன்று. கேட்டாவாக நடித்த அலெசாண்ட்ரோ யூலியானி ஆப்பெரா பயின்ற பாடகர், குரல் அவருடையதே. பிறகு செய்தி வருகிறது: சுட்டவன் சைலான். தன்னைக் கொல்லப் பார்த்த டை சைலான். இப்போது அடாமா அவர்களோடு கூட்டணி போட்டு, ஒவ்வொரு கப்பலிலும் சைலான் எந்திரத்தைப் பொருத்த வேண்டும் என்கிறார்.

கேட்டா கலகம் செய்கிறார். கூட்டாளி ஸாரெக். இரண்டு அத்தியாயம், 2009 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும். என் கணக்கில் தொடரின் உச்சம் அதுதான். அடாமாவின் பக்கம் நின்று பார்த்துப் பழகிய நமக்கு, கலகக்காரன் சொல்வதில் ஒவ்வொன்றும் நியாயமாகப் படுகிறது. முந்தாநாள் வரை நம்மை அழிக்க வந்தவனை எந்தக் கணக்கில் நம்பச் சொல்கிறாய் என்ற கேள்விக்கு அடாமாவிடம் பதிலே இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது. ஆனால் ஸாரெக் மக்கள் பிரதிநிதிகளைச் சுட்டுத் தள்ளியதும் கேட்டாவின் முகம் மாறுகிறது. கடைசியில் ஆயுதத்தை இறக்கச் சொல்லிவிடுகிறார். இருவரையும் சேர்த்துச் சுடுகிறார்கள். அதற்கு முன் பால்டாரிடம் உட்கார்ந்து பேசுகிறார். தான் யார் என்று ஒருநாள் ஜனங்களுக்குப் புரிந்தால் போதும் என்கிறார். வெட்டப்பட்ட காலில் நாள்பூராவும் இருந்த அரிப்பு, குண்டு பாய்வதற்கு ஒரு நொடி முன்பு நின்றுபோகிறது. அதைச் சொல்லி முடிக்கும்போதே எல்லாம் முடிகிறது.

அடாமா பக்கத்து ரசிகர்கள் சொல்வார்கள்: கூட்டணி இல்லாமல் யாரும் பிழைத்திருக்க முடியாது, பின்னால் நடந்தது அதை நிரூபித்தது. அதே ஆட்கள்தான் தேர்தல் விஷயத்தில் விளைவை வைத்து அளக்காதே என்பார்கள். கேட்டா பக்கத்தாரும் அப்படித்தான் இடம் மாறுவார்கள். இரண்டு வழக்குக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வாதாடிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

முடிவு அத்தியாயத்தைத் தொடாமல் விட முடியாது. ரசிகர்களை இரண்டாக வெட்டியது அதுதான். பாட்டின் சுரங்களை எண்களாக மாற்றி ஸ்டார்பக் கப்பலைத் தாவச் செய்கிறாள். வந்து சேர்வது நம் பூமி, 150,000 ஆண்டுகளுக்கு முன்பு. எல்லோரும் கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு காட்டுக்குள் போய்விடுகிறார்கள். பேச்சுக்கு நடுவிலேயே ஸ்டார்பக் காணாமல் போகிறாள். பால்டாரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த சிவப்பு உடைப் பெண் உண்மையிலேயே தேவதூதி. குழந்தை ஹேராதான் இன்றைய மனிதர் அனைவருக்கும் தாய்வழி மூதாதை என்று கடைசிக் காட்சியில் நியூயார்க் தெருவில் ஒரு பத்திரிகை சொல்கிறது. அதைக் கையில் வைத்துப் படிப்பவர் மூரேதான். (தாய்வழி மூதாதை என்றால் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரே பெண் என்று அர்த்தம் இல்லை. தாய், தாயின் தாய் என்று தொடர்ந்து பின்னால் போனால் எல்லோருடைய கோடும் சேரும் பெண், அவ்வளவுதான். இதை வைத்தும் தனியாக ஒரு சண்டை நடந்தது.)

கோபப்பட்டவர்களின் குற்றச்சாட்டு, எல்லா முடிச்சையும் கடவுள் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது. அறிவியல் புனைகதை என்று உட்கார்ந்தோம், எழுந்தால் கோயிலில் இருக்கிறோம் என்ற ஆத்திரம். இதில் நான் எதிர்க்கட்சி. சிவப்பு உடைப் பெண் இரண்டாம் பருவத்திலேயே தன்னைக் கடவுளின் தூதி என்று சொல்கிறாள். ராஸ்லினின் கனவுகள் பலிக்கின்றன. பழைய சுவடிகள் வழிகாட்டுகின்றன. ஊழ் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதில் இவ்வளவு அதிர்ச்சி ஏன் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு சரக்கு இருக்கிறது: பாத்திரங்கள் கடவுளை நம்புவது வேறு, கதையே கடவுளின் தோளில் ஏறி ஊருக்கு வந்து சேர்வது வேறு.

எனக்கு உறுத்துவது கடவுள் இல்லை. அந்தக் கப்பல்கள். முப்பத்தைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள். நோயாளிகள், கர்ப்பிணிகள், கிழவர்கள் உண்டு. மருந்து, கருவி, கூரை எல்லாவற்றையும் நெருப்பில் போடலாம் என்று தளபதியின் மகன் லீ அடாமா ஒரு யோசனை சொல்கிறார். மக்கள் இதற்கு இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது தனக்கே ஆச்சரியம் என்று ஒரு பாத்திரம் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இதே ஜனங்கள்தான் ஓர் எந்திரத்தைக் கப்பலில் பொருத்துவதற்கு எதிராகக் கொஞ்ச நாள் முன்பு ஆயுதம் எடுத்தவர்கள். ஒரு சேற்றுக் கிரகத்தில் இறங்கலாமா வேண்டாமா என்பதற்கு ஓட்டுப் போட்டவர்கள். இப்போது வாக்கெடுப்பு இல்லை. கூட்டம் இல்லை. 'இருங்க, இது என்ன கணக்கு?' என்று கேட்க ஒரு குரல் இல்லை.

கேட்கக்கூடிய ஒரே ஆளை ஆறு வாரங்களுக்கு முன்னால் சுட்டுவிட்டார்கள்.